சரஸ் சரஸ்வதியின் வகுப்பில் திட்ட அறிக்கை கடைசியில்தான் வரும்

‘வியாபாரம் ரத்தத்துல இருக்கணும்’ என்று சொல்லாத வீடு நம்மிடம் குறைவு. தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குத்தான் அது வரும், மற்றவன் மாதச் சம்பளத்துக்குப் போவதே மேல் என்பது அதன் உள்ளர்த்தம். அமெரிக்க மேலாண்மைக் கல்லூரிகளிலும் இதே பேச்சு வேறு சட்டை போட்டுக்கொண்டு ரொம்ப நாள் உலவியது. தொழில்முனைவோருக்குத் துணிச்சல் எவ்வளவு, என்ன மாதிரி மனப்போக்கு, சின்ன வயதில் எப்படி வளர்ந்தார்கள் என்று ஆராய்ச்சிகள் குவிந்தன. பிறவிக் குணம் என்றால் அதை வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

அதற்கு உருப்படியான பதில் தந்தவர்களில் முதல் வரிசையில் வருபவர் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி. இந்தியாவில் பிறந்து, மும்பைப் பல்கலைக்கழகத்தில் படித்து, தானே தொழில் நடத்திப் பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1998-இல் முனைவர் பட்டம். வாஷிங்டன், மேரிலாந்து பல்கலைக்கழகங்களில் ஆசிரியராக இருந்துவிட்டு, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டார்டன் மேலாண்மைக் கல்லூரிக்கு வந்தார். அங்கே அவர் நடத்துவது தொழில்முனைவும் அறநெறியும். தொழில்முனைவு ஆராய்ச்சிக்கு என்று சுவீடனிலிருந்து தரப்படும் உலக விருது 2022-இல் அவருக்குப் போனது. விருதுகளை இத்தோடு விட்டுவிடலாம், செய்த வேலைதான் சுவையானது.

அவர் வருவதற்கு முன் வகுப்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த வேலையின் எடை புரியும். தொழில் தொடங்குவதைப் பற்றிய முதல் பாடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1947-இல் ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் நடத்தியது. போர் முடிந்து திரும்பியவர்கள் நிறைந்திருந்த காலம், 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். பிறகு பாடம் பரவப் பரவ அதன் நடுமையம் ஒரே பொருளாக இறுகிப்போனது: பிசினஸ் பிளான், அதாவது தொழில் திட்ட அறிக்கை. 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் அதற்குப் போட்டியே தொடங்கியது. சந்தை எவ்வளவு பெரியது என்று மதிப்பிடு, அதைப் பிரி, ஒரு பிரிவைக் குறிவை, ஐந்து வருடத்துக்கு வரவு செலவு போடு, முதலீட்டாளர் முன் நின்று பேசு. மதிப்பெண் போட வசதியான முறை. ஆனால் நிஜமாகக் கம்பெனி கட்டியவர்கள் அப்படித்தான் யோசித்தார்களா என்று யாரும் அருகில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

சரஸ்வதி செய்தது அதைத்தான். கார்னகி மெலனில் அவருக்கு வாய்த்த வழிகாட்டி ஹெர்பர்ட் சைமன், 1978-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். சதுரங்க வல்லுநர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்தவரும்கூட. அந்த ஆராய்ச்சிகள் காட்டியது இது: கிராண்ட்மாஸ்டரின் மூளை பொதுவாகவே கூர்மையாக இருப்பதால் அவர் ஜெயிப்பதில்லை. பத்து வருடத்துக்குக் குறையாத பயிற்சியில் பலகையைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. காய்களைத் தாறுமாறாக அடுக்கிவைத்தால் அவருடைய நினைவாற்றலும் கிட்டத்தட்ட சாதாரண ஆட்டக்காரர் அளவுக்கு இறங்கிவிடும். தொழில் தொடங்குவதும் இப்படிப் பழகிவரும் வித்தையாக இருந்தால்? சரஸ்வதி எடுத்துக்கொண்ட கேள்வி அது.

முறை எளிமையாகத் தெரியும், செய்வது கடினம். பத்து வருடத்துக்கு மேல் முழுநேரமாகக் கம்பெனி கட்டி, ஒன்றையாவது பங்குச்சந்தை வரை கொண்டுபோனவர்களைத் தேடினார். 20 கோடி டாலரிலிருந்து 650 கோடி டாலர் வரையிலான நிறுவனங்கள். எஃகு, ரயில், செமிகண்டக்டர் முதல் கரடிபொம்மை வரை எல்லாத் தொழிலும் இருந்தது. அமெரிக்காவின் 17 மாநிலங்களுக்குப் பயணம் செய்து, அவர்கள் முன் 17 பக்கக் கேள்வித்தாள் ஒன்றை வைத்தார். கற்பனையான ஒரு பொருள்: தொழில்முனைவைச் சொல்லித்தரும் கணினி விளையாட்டு. அதை வைத்துக் கம்பெனி கட்டுவதில் வரக்கூடிய பத்து முடிவுகள். வாடிக்கையாளர் யார், போட்டி யார், என்ன தகவல் வேண்டும், விலை என்ன என்று போகும்.

நிபந்தனை ஒன்றுதான். யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவு ஓடும். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் ‘தொடர்ந்து பேசுங்கள்’ என்பதைத் தவிர ஆராய்ச்சியாளர் வேறெதுவும் சொல்லக்கூடாது. ‘ஏன் அப்படிச் சொன்னீர்கள்?’ என்று கேட்டால் காரியம் கெட்டது. அந்த நொடியிலிருந்து மனிதர் யோசிப்பதை விட்டுவிட்டு நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வெற்றி பெற்றவர்களிடம் பழைய கதை கேட்பதில் உள்ள சிக்கலும் அதுதான். நடந்து முடிந்ததெல்லாம் திட்டமிட்டே நடந்த மாதிரி அவர்களுக்கே தோன்றிவிடும். அதனால்தான் கடந்த காலத்தைக் கேட்காமல் புதுக் கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். பிறகு பதிவை எழுத்தாக்கி, துண்டு துண்டாக வெட்டி, இது எந்த வகை யோசனை என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு போட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கிற வேலை.

27 பேருடைய பேச்சு இப்படி அலசப்பட்டது. எல்லாருக்கும் ஒரே பொருளைத்தான் கொடுத்தார். அவர்கள் போய்ச் சேர்ந்ததோ 18 வெவ்வேறு தொழில்களில். கேள்வித்தாளில் தந்திருந்த சந்தை ஆய்வு எண்களைப் பலர் நம்பவே இல்லை. யாரிடமாவது விற்றுப் பார்க்கிறேன், தெரிந்தவரிடம் போய்க் கேட்கிறேன் என்றார்கள். பின்னால் 2009-இல், டியூ, ரீட், வில்ட்பேங்க் ஆகியோருடன் அவர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வித்தாளுக்கு 37 எம்பிஏ மாணவர்கள் தந்த பதில்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டன. மாணவர்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, பாடத்தில் படித்தபடி கணக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். தாங்கள் நடத்திய பாடம் மாணவர்களை வல்லுநர்கள் போகாத திசையில் பழக்குகிறது என்பதைக் கல்லூரிகள் முகத்துக்கு நேரே பார்க்க வேண்டிவந்தது.

இந்த யோசிக்கும் முறைக்கு 2001-இல் வந்த கட்டுரையில் அவர் வைத்த பெயர் எஃபெக்சுவேஷன். பெயர் நாக்கில் சிக்கும், ஆனால் அவர் தரும் சமையல் உதாரணத்தில் சட்டென்று பிடிபடும். ஒருவர் இன்று என்ன சமைப்பது என்று முடிவு செய்து, பட்டியல் எழுதி, கடைக்குப் போய் வாங்கிவந்து சமைக்கிறார். இன்னொருவர் அடுப்படி அலமாரியைத் திறந்து, இருப்பதைப் பார்த்து, இதில் என்ன செய்யலாம் என்கிறார். கத்தரிக்காய் ரெண்டு, நேற்றைய சோறு, கொஞ்சம் புளி என்று வைத்துக்கொண்டு மதியத்தை ஓட்டுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

வகுப்பில் இதை விரிக்க அவர் காட்டும் இன்னொரு கற்பனைக் கணக்கு ‘கறி இன் எ ஹர்ரி’. பிட்ஸ்பர்க்கில் இந்திய உணவகம் வைக்க ஆசைப்படும் ஒரு பெண்மணி. பாடநூல் வழியில் போனால், நகரத்தில் உணவகத்துக்குச் சாப்பிடப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தொடங்கி, வருமானம், வயது என்று வடிகட்டி, கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கி, எங்கே கடை வைப்பது, எத்தனை நாற்காலி, என்ன விலை என்று இறங்கிவர வேண்டும். இவ்வளவுக்கும் பணமும் நாளும் தேவை. அடுத்த வழியில் அந்த அம்மா தன் சிநேகிதர்கள் வேலை செய்யும் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறார். சமையல் வீட்டிலேயே. நாலு பேர் பத்துப் பேராகி, பணம் சேர்ந்தால் கடை பிடிக்கலாம். அல்லது ஏற்கெனவே ஓடுகிற உணவகக்காரரைக் கூட்டாளியாக்கி அவர் கடையில் ஒரு மூலை கேட்கலாம். அல்லது சாப்பாட்டைவிடத் தன் பேச்சுக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று தெரியவந்து, சமையல் வகுப்பு, சொற்பொழிவு என்று வண்டி வேறு தடத்தில் ஓடலாம். எது நடக்கும் என்று முதல் நாள் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் பாடம்.

கற்பனை போதாது என்பவர்களுக்கு யூ-ஹால். லெனர்ட் ஷோயன் 1945-இல் 5,000 டாலரோடு தொடங்கிய கம்பெனி. வீடு மாறுகிறவர்களுக்குக் காரின் பின்னால் மாட்டும் இழுவைப் பெட்டியை வாடகைக்கு விடுவது. ஓரிடத்தில் எடுத்து வேறு ஊரில் விட்டுவிடலாம், திரும்பக் கொண்டுவர வேண்டாம். இதை வகுப்பில் கொடுத்து, இன்று நீங்கள் தொடங்குவதாக நினைத்துத் திட்ட அறிக்கை எழுதுங்கள் என்றால், கெட்டிக்கார மாணவர்கள் கணக்குப் போட்டு, வேலைக்காகாது என்று தாளை மூடிவிடுகிறார்கள். வண்டிக்கும் இடத்துக்கும் கொட்ட வேண்டிய முதலீடு மலையளவு. போட்டியாளர் நாளைக்கே நுழையலாம், தடுக்க வேலி இல்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் கிளை இருந்தால்தான் தொழிலே நடக்கும்.

கணக்கு தப்பில்லை, ஷோயன் அந்தக் கணக்கைப் போடவில்லை, அவ்வளவுதான். பெட்டிகளைச் சொந்தபந்தங்களிடமும் சிநேகிதர்களிடமும் விற்று, அவர்களிடமிருந்தே வாடகைக்கு எடுத்துக்கொண்டார். முதலீடு அங்கேயே கிடைத்தது. இடத்துக்குப் பெட்ரோல் பங்குக்காரர்களைப் பிடித்தார். சும்மா கிடக்கும் மூலையில் பெட்டி நிற்கும், வாடகையில் அவர்களுக்குக் கமிஷன். புது ஊருக்குப் போகிற வாடிக்கையாளரிடம், அங்கே ஒரு பங்குக்காரரைப் பேசி ஏஜென்டாக்கினால் வாடகையில் தள்ளுபடி. கிளை திறக்கும் செலவை வாடிக்கையாளரே சுமந்துகொண்டு போனார் என்று சொல்ல வேண்டும். 1949 முடிவதற்குள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஊர்விட்டு ஊர் ஒருவழி வாடகை சாத்தியமாகிவிட்டது. ஒரே உதாரணத்தைக் கூர்ந்து படிக்க நேரமிருந்தால் இதைப் படிக்கலாம். பணம், இடம், ஆள், விளம்பரம் நாலும் வெளியாட்களின் கையிலிருந்து வந்திருக்கிறது, ஒவ்வொருவருக்கும் அதில் ஏதோ லாபம் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் ஐந்து கொள்கைகளாகச் சுருக்கி வைத்திருக்கிறார். நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதிலிருந்து தொடங்குவது, அதாவது கையிலிருக்கும் பறவை. லாபக் கணக்குக்கு முன் தாங்கக்கூடிய நட்டத்தை முடிவு செய்வது. கூட வருகிறவர்கள் கொண்டுவரும் துணியால் ஒட்டுப் போர்வை தைப்பது. எதிர்பாராதது வந்தால் அதையே சரக்காக்குவது, அவர்கள் மொழியில் எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போடுவது. (அமெரிக்காவில் உதவாக்கரைப் பொருளுக்கு எலுமிச்சை என்று பெயர். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது எலுமிச்சம்பழம் கொடுக்கிற நமக்கு இந்த உவமை சற்று இடிக்கும்.) ஐந்தாவது, எதிர்காலத்தைக் கணிப்பதைவிடக் கட்டுக்குள் இருப்பதைச் செய்வது, விமானி விமானத்தில் இருக்கிறார் என்பது. இந்த ஐந்தும் இப்போது சுவரொட்டி வாசகமாகிவிட்டன. அப்படி நடத்தினால் பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்து மறுநாள் மறந்துபோகும். கைவேலையாக நடத்த வேண்டியவை இவை.

தாங்கக்கூடிய நட்டத்தை எடுத்துக்கொள்வோம். கையிருப்பு 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தொழிலுக்கு 6 லட்சம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாதம் 30,000 வீதம் ஆறு மாத வீட்டுச் செலவு 1,80,000. ஆஸ்பத்திரி அவசரத்துக்கு 1,50,000. வரப்போகும் பள்ளிக் கட்டணம் 70,000. கழித்தால் 2 லட்சம். அதையும் ஒரே மூச்சில் போடக்கூடாது. ஒரு முயற்சிக்கு 60,000 என்று வரம்பு வைத்தால் மூன்று முறை முயலலாம், 20,000 மிச்சம். பணத்தோடு நாளும் எழுத வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ன நடக்காவிட்டால் நிறுத்துவது என்று. எங்கே சறுக்கும் என்றால், மைத்துனரிடம் வாங்கிய கடனையும் அடகு வைத்த நகையையும் ‘கையிருப்பு’ வரிசையில் எழுதும்போது. இன்னொரு சறுக்கல், ‘இன்னும் ஒரே மாசம்’ என்று வரம்பு நகர்ந்துகொண்டே போவது. அதனால் தொடங்கும் முன்பே எழுதி வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. முதலுக்கே மோசம் வராமல் தோற்கத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த முறை என்று ஒன்று இருக்கும்.

சரஸ்வதி இதற்குச் சொல்லும் நிஜ மனிதர் டாம் ஃபாட்ஜோ. ஹூஸ்டனில் கணக்காளர். குடியிருப்புக் கூட்டத்தில் குப்பைப் பிரச்சினை பேச்சு வந்து, முடிந்தால் நீயே அள்ளிப் பாரேன் என்று சவால் விட்டார்கள். 7,000 டாலர் கடனில் ஒரு லாரி வாங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குப்பை அள்ளிவிட்டு, கோட் மாட்டிக்கொண்டு அலுவலகம் போனார். வேலையை உடனே விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்து வளர்ந்த பிஎஃப்ஐ அமெரிக்காவின் பெரிய குப்பை அகற்றும் நிறுவனங்களில் ஒன்றானது.

ஒட்டுப் போர்வைக்கு அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் ஹெய்டி நெக் குழுவினர் அருமையான பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள், சரஸ்வதியின் கருத்தை வைத்து உருவானது. மாணவர்களைக் குழுக்களாக்கி குழுவுக்கொரு 300 துண்டுப் படப்புதிரைக் கொடுத்து, வேகமாக முடிக்கச் சொல்ல வேண்டும். பெட்டி மேல் படம் இருக்கும், ஓரத் துண்டுகளைத் தேடி உற்சாகமாகத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குழுவுக்கு ஒருவரை எழுப்பி அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மேசை நிறைய வண்ண வண்ணத் துணித் துண்டுகள். ஆறு துண்டு எடுத்துக்கொள், தரையில் பரப்பி ஒரு போர்வை செய் என்பதைத் தவிர வேறு அறிவுரை கிடையாது. ஊசி நூல் வேண்டாம். அடுத்தடுத்து வருகிறவர்கள் தங்கள் ஆறு துண்டுகளோடு பிடித்த போர்வையில் சேர்ந்துகொள்ளலாம். புதிரில் துண்டு குறைந்தால் வேலை நின்றுவிடும், போர்வையில் வருகிற துண்டு எதுவானாலும் உருவம் மாறிக்கொண்டு வேலை நடக்கும். இதை அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். நடத்துபவர் செய்யும் தப்பு, ‘யார் போர்வை அழகு?’ என்று பரிசு கொடுப்பது. பரிசு வந்ததும் எல்லாரும் மறுபடி நடுவருக்குப் பிடித்த படத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: யார் தொடங்கினார், அடுத்தவர் ஏன் அந்தப் போர்வையில் சேர்ந்தார், எந்தத் துண்டு வந்தபோது உருவம் மாறியது.

மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது வெளியே போய்க் கேட்கும்போதுதான். யோசனையைச் சொல்லி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு வருவார்கள். எல்லாரும் ‘நல்லா இருக்கே’ என்பார்கள். அதற்கு மதிப்பு பூஜ்யம். ‘இதில் நீங்கள் சேர வேண்டுமென்றால் இது எப்படி மாற வேண்டும்?’ என்று கேட்டால் பேச்சின் நிறமே மாறிவிடும். எதிரே இருப்பவர் தன் நிலைமையைச் சொல்வார், சில சமயம் தன்னிடம் இருக்கும் இடத்தையோ வண்டியையோ ஆளையோ குறிப்பிடுவார். திரும்பி வந்ததும் நோட்டில் எழுத வேண்டியது பாராட்டை அல்ல. முன்பணம் தந்தாரா, திங்கட்கிழமைக்கு ஆர்டர் சொன்னாரா, இன்னொருவருக்கு போன் போட்டுக் கொடுத்தாரா? மூன்றும் இல்லை என்றால் அது வெறும் டீக்கடைப் பேச்சு.

விமர்சனம் இல்லாமலில்லை. 27 பேரும் ஜெயித்தவர்கள், இதே மாதிரி யோசித்துத் தோற்றவர்களை யார் எண்ணினார்கள் என்ற கேள்வி முதலிலிருந்தே உண்டு. இது வெற்றிக்கான சூத்திரம் அல்ல, பழகியவர்களின் யோசனை முறை என்பது அவர் தரப்பு. பதில் பாதிதான் திருப்தி தருகிறது. 2015-இல் அரெண்ட், சரூகி, பர்க்கெம்பர் மூவரும் இதைக் கோட்பாடு என்று சொல்ல முடியுமா என்றே கேட்டுக் கட்டுரை எழுதினார்கள், மறுப்பும் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ‘யாரைத் தெரியும்’ என்ற கேள்வி. முதல் தலைமுறைப் பட்டதாரியின் பட்டியலும் மில் முதலாளி மகனின் பட்டியலும் ஒரே நீளம் இருக்காது. ஆசிரியர் இதைப் பேசாமல் பட்டியல் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், பழைய பள்ளி ஆசிரியர், அப்பாவின் யூனியன் சிநேகிதர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரலாம் என்று முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே நடத்த வேண்டும். புது மருந்தைச் சோதித்து அனுமதி வாங்குவது, சிப் ஆலை கட்டுவது போன்றவற்றில் பெருமுதலும் முன்கூட்டிய திட்டமும் இல்லாமல் அடியெடுத்து வைக்க முடியாது. நன்றாக ஓடுகிற கடைக்கு ஐந்தாவது கிளை திறப்பவருக்குச் சந்தைக் கணக்குதான் உதவும். இரண்டு யோசனை முறைகளும் வேண்டும், நிறுவனம் வளர வளரப் பழைய பாடநூல் முறையின் பங்கு கூடும் என்பது சரஸ்வதியே சொல்வதுதான்.

திட்ட அறிக்கைக்கும் நேரம் வரும். வங்கி மேலாளர் கேட்பார், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இந்த வழியில் வந்தவர் அதை எழுதும்போது, ‘எதிர்பார்க்கும் விற்பனை’ கட்டத்தில் போடும் எண்ணுக்குப் பின்னால் ஏற்கெனவே பணம் கட்டிய சிலருடைய பெயர் இருக்கும்.